மனந்திரும்பிய மாலுமி ஜான் நியூட்டன்

பிரசங்கம் செய்வோர் உலகில் பல்லாயிரவர் உளர். அவர்தம் சொல் கேட்டுக் கண்ணீர் விடுவோரும், ஆமென் சொல்லி வீடு திரும்புவோரும் அவரினும் பலர். ஆயினும், பிரசங்கம் கேட்டவன் மறுநாள் தன் கணக்கைத் திறந்து, தான் பிறர்க்கு இழைத்த தீங்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கிறானா என்பதே அப்பிரசங்கத்திற்கு உரைகல்லாகும். அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கத்தக்க ஒரு வாழ்க்கையை நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எழுத விழைந்தோம். நம் சங்கத்தாருள் கிறிஸ்தவரும் உளர். பிற சமயத்தாரும் உளர். எச்சமயத்தவராயினும் இவ்வாழ்க்கையைப் படித்தறிவது நன்று. ஏனெனில், இது மனிதரை விலைக்கு வாங்கி விற்ற ஒருவன் தன் குற்றத்தை உணர்ந்து, ஊரறிய ஒப்புக்கொண்ட வரலாறாகும்.

தாயும் கடலும்

ஜான் நியூட்டன் 1725ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டன் மாநகரின் துறைமுகப் பகுதியான வாப்பிங்கில் பிறந்தார். தந்தையார் கப்பல் தலைவர். பெரும்பாலும் கடலிலேயே வாழ்ந்தவர். தாயார் எலிசபெத் அம்மையார் இறைப்பற்று மிக்கவர். மகனுக்கு எழுத்தறிவித்தவரும், வேத வசனங்களையும் கீதங்களையும் மனப்பாடம் செய்வித்தவரும் அவரே. அவ்வம்மையார் காசநோயால் 1732இல் காலமானபோது மகனுக்கு ஏழு வயதும் நிரம்பவில்லை.

பதினொன்றாம் வயதில் நியூட்டன் தந்தையுடன் கடற்பயணம் தொடங்கினார். மாலுமிகளின் தீய பழக்கங்கள் ஒவ்வொன்றாய் அவரைப் பற்றின. 1744இல் அரசுக் கடற்படையினர் அவரை வலுக்கட்டாயமாகப் பிடித்து, ஹார்விச் என்னும் போர்க்கப்பலில் சேர்த்தனர். அங்கிருந்து தப்பியோட முயன்று பிடிபட்டார். அனைவர் முன்னிலையிலும் கசையடி பெற்று, கடைநிலை மாலுமியாகத் தாழ்த்தப்பட்டார். தாய் ஊட்டிய இறைப்பற்றை அவர் அதற்குள் இழந்திருந்தார். தாம் இழந்ததோடு அமையாமல், பிறர் நம்பிக்கையையும் எள்ளி நகையாடிக் கெடுப்பவராகவும் ஆனார்.

விலங்கிட்ட கைகள் அளித்த உணவு

1745இல் நியூட்டன் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் செல்லும் ஒரு வணிகக் கப்பலுக்கு மாற்றப்பட்டார். அங்கே, இன்றைய சியாரா லியோன் நாட்டைச் சேர்ந்த பிளாண்டேன் தீவுகளில், அடிமை வணிகன் ஒருவனிடம் வேலைக்கு அமர்ந்தார். அவ்விடத்தில் அவர் கடுங்காய்ச்சலுற்றுக் கிடந்தபோது கவனிப்பார் இல்லை. பசிக்கு உணவில்லை, உடுக்க நல்ல உடையில்லை. எலும்பும் தோலுமாய்க் கிடந்த அவர்மீது இரங்கியவர் யார் தெரியுமா? விற்பனைக்காக விலங்கிடப்பட்டிருந்த ஆப்பிரிக்க அடிமைகள் சிலர் தமக்குக் கிடைத்த சிறு உணவில் ஒரு பங்கை எவரும் அறியாமல் அவருக்குக் கொடுத்தனர். பிற்காலத்தில் நியூட்டன் தாமே எழுதி வெளியிட்ட செய்தி இது.

இளைஞர்களே, இந்நிகழ்ச்சியை மனத்தில் இருத்துங்கள். அந்த அடிமைகளின் பெயர் வரலாற்றில் இல்லை. அவர்கள் எக்கப்பலில் ஏற்றப்பட்டனர், எக்கரையில் இறக்கப்பட்டனர் என்பதும் வரலாற்றில் இல்லை. அவர்கள் ஊட்டிய உணவால் பிழைத்தவர் சில ஆண்டுகளில் அவர்தம் இனத்தாரையே கப்பலேற்றும் தலைவரானார். நன்றி மறப்பது நன்றன்று என்று வள்ளுவம் பயின்ற நமக்கு இதனினும் கொடிய மறதி வேறொன்று தோன்றவில்லை.

புயலில் ஒரு வேண்டுதல்

தந்தையார் செய்த ஏற்பாட்டின்படி, கிரேஹவுண்ட் என்னும் கப்பல் 1747இல் நியூட்டனை மீட்டது. பொன்னும் தந்தமும் தேன்மெழுகும் ஏற்றிய அக்கப்பல் இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில், 1748 மார்ச்சில், அட்லாண்டிக் பெருங்கடலில் கடும்புயலில் சிக்கிற்று. கப்பலின் பலகைகள் பிளந்து நீர் உட்புகுந்தது. நியூட்டன் நீரிறைக்கும் பொறியில் மணிக்கணக்காக உழைத்தார்; பின்னர் சுக்கானைப் பிடித்தார். அவ்வேளையில் அவர் வாயினின்று இறைவனின் இரக்கத்தை வேண்டும் சொல் அவரையும் அறியாமல் வெளிப்பட்டது. பல்லாண்டாய் ஏளனம் செய்த கடவுளை அன்று அவர் அழைத்தார். சிதைந்த கப்பல் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பின் அயர்லாந்துக் கரை சேர்ந்தது. மார்ச் 21ஆம் நாளைத் தம் வாழ்நாள் முழுதும் அவர் நன்றியறிதலின் நாளாகக் கடைப்பிடித்தார்.

பக்தி நூல்கள் பல இவ்விடத்தில் கதையை முடித்துவிடுவதுண்டு. புயல் வந்தது, பாவி திருந்தினான், சுபம் என்பார்கள். உண்மை வரலாறோ அவ்வாறு செல்லவில்லை.

மேல்தட்டில் ஜெபம், கீழ்த்தட்டில் விலங்கு

புயலுக்குப் பின் அதே ஆண்டில் நியூட்டன் பிரவுன்லோ என்னும் அடிமைக் கப்பலில் துணைத் தலைவராகச் சென்றார். 1750இல் தாம் நெடுநாள் நேசித்த மேரி அம்மையாரை மணந்தார். அவ்வாண்டு முதல் 1754 வரை, ‘டியூக் ஆஃப் ஆர்கைல்’, ‘ஆப்பிரிக்கன்’ என்னும் கப்பல்களின் தலைவராக மூன்று முறை அடிமை வணிகப் பயணம் மேற்கொண்டார்.

அவர் குடியை விட்டார், இழிசொல்லை விட்டார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். வேதத்தை நாள்தோறும் வாசித்தார். அதே கப்பலின் கீழ்த்தட்டில், நிமிர்ந்து உட்காரவும் இடமின்றி, இருவர் இருவராக விலங்கிடப்பட்டு ஆப்பிரிக்க மக்கள் கிடந்தனர். அவருடைய கப்பல் நாட்குறிப்பில் அம்மக்களுக்குப் பெயரில்லை, எண்களே உள்ளன. இன்ன எண்ணுள்ள ஆண் இறந்தான், இன்ன எண்ணுள்ள பெண் இறந்தாள் என்று எழுதி, உடலைக் கடலில் இட்டனர். 1752 டிசம்பரில் அடிமைகள் கிளர்ச்சி செய்யவிருப்பதாக ஐயுற்று, உண்மையை வரவழைக்கச் சிறுவர்களின் கட்டைவிரல்களை நெரிகருவியில் வைத்து முறுக்கியதையும் அவரே எழுதி வைத்துள்ளார். கிளர்ச்சியைக் காலத்தில் அறியச் செய்ததற்காக அதே குறிப்பில் இறையருளையும் நினைந்துள்ளார்!

எவ்வாறு இது கூடிற்று? அக்காலத்து இங்கிலாந்தில் அடிமை வணிகம் மதிப்பிற்குரிய தொழிலாயிருந்தது. லிவர்பூல் நகரத்தின் செல்வர் பலர் அதில் முதலிட்டனர். அவர்கள் ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்தனர். குடியும் சூதும் பாவம் என்று போதித்த பிரசங்கிகள், மனிதனை விற்பது பாவம் என்று போதிக்கவில்லை. போதிக்கப்படாத பாவத்தை மனச்சான்று எளிதில் கண்டுகொள்வதில்லை. 1754இல் நியூட்டன் கடலை விட்டதும் நெஞ்சுறுத்தலால் அன்று. திடீரென வந்த ஒரு நோய்த்தாக்கத்தால் மருத்துவர் அறிவுரைப்படி விட்டார்.

அடுத்த ஆண்டு அவர் லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அலுவலரானார். அவ்வாண்டிலேயே, அந்நாளில் புகழ்பெற்ற ஜார்ஜ் விட்ஃபீல்டின் பிரசங்கங்களைக் கேட்டார். விட்ஃபீல்டு திறந்தவெளியில் பல்லாயிரவரை உருகச் செய்தவர். பிரிஸ்டலுக்கு அருகிலுள்ள கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர் அவர் பேச்சைக் கேட்டுக் கண்ணீர் சொரிந்தனர் என்பர். அவருடைய தொடர்பு நியூட்டனின் பக்தியை வளர்த்தது. ஆயினும் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் விட்ஃபீல்டு தாமே அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். அங்கே அடிமை முறையைச் சட்டமாக்க வேண்டுமென்றும் வாதாடினார். அவர் வாயிலிருந்து அடிமை வணிகத்தின் கொடுமை பற்றி நியூட்டன் எதனைக் கேட்டிருக்க இயலும்? பேச்சாற்றல் வேறு, உண்மையுள்ள போதனை வேறு. இவ்வேறுபாட்டை நம் இளைஞர் உணர்தல் வேண்டும்.

ஓல்னி ஆலயத்துப் போதகர்

நியூட்டன் பல்கலைக்கழகம் சென்றவரல்லர். ஆப்பிரிக்கத் தீவில் இருந்தபோதே வடிவக்கணித நூலொன்றை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் கோலால் படங்கள் வரைந்து தாமே கற்றவர் அவர். சுங்கப் பணியின் ஓய்வு நேரங்களில் கிரேக்கமும் எபிரேயமும் அவ்வாறே கற்றார். குருத்துவப் பணிக்கு அவர் 1758இல் விண்ணப்பித்தபோது பட்டம் இல்லாமை முதலியவற்றைக் கூறி மறுத்தனர். ஆறாண்டு காத்திருந்து, டார்ட்மவுத் பிரபுவின் பரிந்துரையால் 1764இல் குருப்பட்டம் பெற்று, பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள ஓல்னி என்னும் சிற்றூரில் துணைக்குருவானார்.

ஓல்னி மக்களிற் பலர் பின்னல் சரிகை செய்து வயிறு வளர்த்த ஏழைகள். நியூட்டன் பழைய மாலுமிச் சட்டையை அணிந்துகொண்டு அவர்களின் வீடுதோறும் சென்றார். சிறுவர்களுக்கெனத் தனிக் கூட்டம் நடத்தினார். மேடையில் அவர் சிறந்த நாவலர் அல்லர். எனினும் தம் பழைய வாழ்க்கையை மறைக்காமல் எடுத்துரைத்தமையால் மக்கள் திரண்டனர். கூட்டம் பெருகவே ஆலயத்தில் புதிய மாடம் கட்ட நேர்ந்தது. அவ்வூரில் வாழ்ந்த கவிஞர் வில்லியம் கூப்பருடன் சேர்ந்து அவர் இயற்றிய கீதங்கள் ‘ஓல்னி கீதங்கள்’ என்னும் பெயரில் 1779இல் வெளிவந்தன. இன்று உலகெங்கும் பாடப்பெறும் ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் கீதம் அவர் 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாள் வழிபாட்டிற்காக எழுதியதாகும்.

அவருடைய ஊழியம் ஒரு பிரசங்கியையே மனந்திருப்பிய செய்தியும் அறியத்தக்கது. அண்டை ஊர்ச் சபைகளில் தாமஸ் ஸ்காட் என்னும் குருவானவர் பணியாற்றினார். தாம் போதித்ததைத் தாமே முழுதும் நம்பாதவர் அவர். நியூட்டனை இகழ்ந்தும் வந்தார். 1774இல் ஸ்காட்டின் சபையைச் சேர்ந்த கணவனும் மனைவியும் மரணப்படுக்கையில் கிடந்தபோது, பொறுப்புடைய ஸ்காட் அவர்களைப் பார்க்கச் செல்லவில்லை. வேற்றூர் நியூட்டன் பலமுறை வந்து பார்த்துச் சென்றார். இதையறிந்த ஸ்காட் நாணினார். அந்நாணமே தொடக்கமாயிற்று. அவர் சில ஆண்டுகளில் மனம் மாறி, பின்னர்ப் புகழ்பெற்ற வேத விளக்கவுரையை எழுதினார். இந்தியாவிற்கு வந்த வில்லியம் கேரி தம் ஆன்மிக வாழ்விற்கு ஸ்காட்டின் போதனைகளுக்குக் கடமைப்பட்டவர்.

கதவைத் தட்டிய இளைஞர்

1780இல் நியூட்டன் இலண்டன் நகரின் தூய மேரி வுல்நாத் ஆலயத்திற்கு மாறினார். வங்கியாளரும் வணிகரும் நிறைந்த பகுதி அது. 1785 டிசம்பரில் ஒருநாள், நாடாளுமன்ற உறுப்பினரான இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் அவர் வீடிருந்த சதுக்கத்தை இருமுறை சுற்றிவந்து, தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினார். அவர்தாம் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். சிறுவயதில் நியூட்டனின் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர். இடையில் கேளிக்கைகளில் ஆழ்ந்து, இப்போது மனக்கலக்கத்துடன் வந்தார். அரசியலைத் துறந்து இறைப்பணி செய்யலாமா என்று கேட்டார். நாடாளுமன்றத்திலேயே இருந்து இறைவனுக்குத் தொண்டு செய்யுமாறு நியூட்டன் அவருக்கு அறிவுறுத்தினார்.

அடிமை வணிக ஒழிப்புச் சங்கம் 1787இல் தோன்றிற்று. வில்பர்ஃபோர்ஸ் நாடாளுமன்றத்தில் அவ்வழக்கை ஏற்றார். ஜான் வெஸ்லி 1774ஆம் ஆண்டிலேயே அடிமை முறையைக் கண்டித்து நூல் எழுதியிருந்தார். நியூட்டனும் இனி வாய் மூடியிருக்க இயலவில்லை. 1788இல் ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைப் பற்றிச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். புயலில் அவர் வேண்டுதல் செய்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்நூலில் அவர் பிறரைக் குறைகூறுமுன் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தம் அறிக்கை காலங்கடந்து வருகிறது என்பதையும், தாம் ஒருகாலத்தில் அவ்வணிகத்தின் கருவியாயிருந்தமை என்றும் தமக்கு வெட்கம் தரும் நினைவு என்பதையும் மறைக்கவில்லை. அடிமைகள் எவ்வாறு வாங்கப்பட்டனர், எவ்வாறு அடுக்கப்பட்டனர், பெண்கள் எத்தகைய இழிவுக்கு ஆளாயினர் என்பவற்றைக் கண்ணாற் கண்டவராக விரித்தெழுதினார். அந்நூலின் படிகள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டன. அரசு விசாரணைக் குழுவின் முன்னும் அவர் சாட்சி சொன்னார். அடிமைகள் இன்பமாகப் பயணம் செய்கின்றனர் என்று வணிகர் கூறிய பொய்யை உடைக்க, கப்பல் தலைவராயிருந்த ஒருவரின் சாட்சியம் பெரிதும் உதவியது.

வெற்றி உடனே வரவில்லை. 1791இல் வில்பர்ஃபோர்ஸின் தீர்மானம் 163க்கு 88 என்ற வாக்குகளால் தோற்றது. மீண்டும் மீண்டும் முயன்று, 1807இல் 283க்கு 16 என்ற வாக்குகளால் அடிமை வணிக ஒழிப்புச் சட்டம் மக்களவையில் நிறைவேறியது. அவ்வாண்டு மார்ச் 25இல் அரச ஒப்புதல் கிடைத்தது. பார்வை மங்கி, நினைவும் தளர்ந்திருந்த நியூட்டன் அதனைக் காணும் பேறு பெற்று, அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் தம் எண்பத்திரண்டாம் வயதில் காலமானார். தம் கல்லறையில் பொறிக்க அவரே எழுதி வைத்த வாசகத்திலும் தம் பழைய இழிநிலையை மறைக்கவில்லை.

நம் நாட்டோடு ஒரு தொடர்பு

நியூட்டனின் பிரசங்கம் நம் தமிழகத்தோடும் ஒரு மெல்லிய இழையால் இணைந்துள்ளது. பெற்றோரிடம் பொய் கூறி வீட்டை விட்டு இலண்டன் வந்த கிளாடியஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர், நியூட்டனின் போதனையால் மனம் மாறிக் குருவானவரானார். 1797இல் வங்காளம் வந்து, 1806இல் தஞ்சாவூர், திருவிதாங்கூர் முதலிய பகுதிகளில் பயணம் செய்தார். தாம் கண்டவற்றை அவர் 1811இல் நூலாக வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதியில் மிஷனரிமார் வெளிப்படையாகப் பணியாற்ற வழிவிட்ட 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்திற்கு அவர் எழுத்தும் துணைசெய்தது. அதன்பின் எழுந்த பள்ளிகளில் நம் முன்னோர் சிலர் முதன்முதலாக எழுத்தறிந்தனர்.

ஆயினும் இங்கேயும் முழு உண்மையைச் சொல்லல் வேண்டும். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆண்ட இந்தியாவுக்குப் பொருந்தாது என விலக்கப்பட்டது. நம் மக்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட வழக்கம் இங்கே நீடித்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமே இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கிற்று. திருவிதாங்கூரில் 1855இல் அரச ஆணை பிறந்தது. அதன் பின்னும் பண்ணையாள் என்னும் பெயரில் அது எத்தனை காலம் தொடர்ந்தது என்பதை நம் பாட்டன்மார் அறிவர்.

நமக்குரிய பாடம்

நாம் சிறுவராயிருந்த காலத்தில் ஒரு சிற்றூர் ஆலயத்தில் நம் மக்கள் ஒரு பக்கமும் ஏனையோர் மறுபக்கமும் அமர்ந்தனர். இரு பக்கத்திற்கும் நடுவே ஆள் நடக்கும் அளவு இடைவெளி இருந்தது. பிரசங்கம் இரு பக்கத்தார் செவியிலும் ஒருங்கே விழுந்தது. குடி, களவு, பொய், சோம்பல் ஆகிய பாவங்களைப் பிரசங்கியார் அடுக்கிச் சொன்னார். மனந்திரும்புங்கள் என்று உருக்கமாக அழைத்தார். நம் பெரியோர் அழுதனர். அந்த நடு இடைவெளியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வழிபாடு முடிந்ததும் மறுபக்கத்தார் முதலில் எழுந்து சென்றனர், நம்மவர் காத்திருந்தனர்.

நியூட்டன் வாழ்க்கையின் பாடம் இங்கேதான் உள்ளது. பாவத்தைப் பெயர் சொல்லி அழைக்காத பிரசங்கம் மனிதனைப் பக்தனாக்கலாம், நீதிமானாக்காது. பெயர் சொல்லி அழைத்தால், காலங்கடந்தேனும் அது கொடியவனையும் திருப்பும். வேதத்திலே சகேயு என்னும் வரிவசூலிப்பவன் மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான் என்று படிக்கிறோம். மனந்திரும்புதலுக்கு அதுவே இலக்கணம். நியூட்டனால் கடலில் எறிந்த உயிர்களைத் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. தன்னால் திருப்பிக் கொடுக்கக்கூடிய ஒன்றே ஒன்றான உண்மையைக் கொடுத்தார்.

பிறரை நோக்கி இவ்வளவும் கூறிய நாம் நம்மையும் நோக்க வேண்டாமா? நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில், நம்மினும் கீழாக எண்ணப்படும் உட்பிரிவைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் துப்புரவுப் பணி செய்து வந்தார். நம்மினும் வயதில் மூத்தவர். அவரை நாம் பல்லாண்டு பெயர் சொல்லி, ஒருமையிலே அழைத்து வந்தோம். ஒடுக்கப்பட்டோர் உரிமை பற்றி மேடையில் பேசிவிட்டு வந்த நாளிலும் அவ்வாறே அழைத்தோம். எண்களால் எழுதப்பட்ட நியூட்டனின் நாட்குறிப்பைப் பற்றிப் படித்த இரவில்தான் அது நம் நெஞ்சைச் சுட்டது. மறுநாள் அவரை அக்கா என்று அழைத்தோம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ அழைக்கிறோம் என்று எண்ணிவிட்டார். இரண்டாம் முறை அழைத்தபோதுதான் திரும்பினார்.

நம் சமுதாய இளைஞர்களே! கல்வியும் பதவியும் உங்களை வந்தடைகின்றன. நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை அஞ்சாமல் பெயர் சொல்லிக் கூறுங்கள். அதைக் கேட்டு மெய்யாகவே மனந்திரும்பி வருவோரை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் திருப்பிக் கொடுப்பது என்ன என்றும் பாருங்கள். அதே அளவுகோலால் உங்களையும் அளந்துகொள்ளுங்கள். விலங்கிட்ட கையோடு தம் உணவில் பங்கு கொடுத்த அப்பெயரற்ற மக்களே நம் முன்னோரை ஒத்தவர்கள். அவர்களின் ஈகை நம்மிடம் நிலைக்குமாயின், நம் சங்கம் கண்ட இந்த இருபத்தைந்து ஆண்டும் பயனுடையதாகும்.